நபோரின் வான்கோழிக்கு வந்த அழகு

நாலெழுத்துக்கு மேல் படிக்காமல் மக்காச்சோள மில் வைத்து ஊருக்கே மாவு அரைத்துப் போடுகிறவன் நான். எங்கள் வஹாக்கா மாநிலத்தில் வான்கோழி விஷயம் என்றால் என்னைத்தான் கேட்பார்கள். நபோர் மட்டும் யாரையும் கேட்க மாட்டார். என் மகன் இசித்ரோவுக்கு ஞானத் தகப்பன் அவர்; அந்த முறையில் நாங்கள் ஒருவரையொருவர் 'கொம்பாத்ரே' என்று கூப்பிட்டுக்கொள்வோம். அந்த உறவுக்காக அவரை இத்தனை வருஷம் பொறுத்தேன்.

நபோர் பச்சைச் செங்கல் அறுப்பவர். அவர் அறுத்த கல்லில் கட்டிய அவருடைய கோழிக்கூடே முதல் மழையில் கரைந்தது. மழை சரியில்லை என்றார். பிறகு கோழிகளும் வான்கோழிச் சேவலும் ஒரே மரத்தடி, ஒரே தண்ணீர்த் தொட்டி என்றாயிற்று. அந்தச் சேவல் சாதாரணமானதல்ல. இசித்ரோவின் கல்யாணத்தில், பெண் வீட்டு முற்றத்தில், ஞானத் தகப்பன் தோளில் தூக்கி ஆட வேண்டிய சேவல். அதில் குறை வந்தால் எங்கள் இரண்டு வீட்டு மானமும் போகும்.

கொசுக்காலத்தில் அவர் கோழிகளின் கொண்டையில் பொருக்கு கட்டியது. கால்நடை டாக்டரம்மா அம்மை ஊசியோடு வந்தார். ஆரோக்கியமாக இருந்த என் பறவைகள் எல்லாவற்றுக்கும் போட்டுக்கொண்டேன்.

"ஊசி குத்தினா கறி கசக்கும் டாக்டரம்மா, நீங்க போங்க" என்று நபோர் அனுப்பிவிட்டார்.

வான்கோழித் தலையே முடிச்சு முடிச்சாக இருப்பது. அதன்மேல் அம்மை வந்ததும், தெருவையே கூப்பிட்டுக் காட்டினார்.

"பாத்தியாய்யா கொம்பாத்ரே, எத்தனை முடிச்சு! அத்தனையும் வீரியம். உன் சேவல் மொட்டைத்தலையன்."

"யோவ், அது அம்மை. கோழிகிட்டேருந்து ஒட்டியிருக்கு. பிரிச்சுக் கட்டு."

"மாவு அரைக்கிறதோட நிறுத்திக்க."

அவர் மனைவி தாமசா குறுக்கே வந்தாள். "கோழிக்கும் அதே முடிச்சுதானே இருக்கு? அதுங்களுக்கும் வீரியமா?"

"சேர்ந்து மேயுதுல்ல, கொஞ்சம் ஒட்டியிருக்கும்" என்றார் அந்த மேதை.

கல்யாணத்தன்று சேவலின் தலையைக் காகிதப் பூவால் மூடிக் கொண்டுவந்தார். ஆடுவதற்கு முன் பெண்ணின் அத்தை சேவலுக்கு ஒரு வாய் மெஸ்கல் சாராயம் ஊற்றுவது முறை. அவள் பூவை விலக்கினாள். இரண்டு கண்ணும் பொருக்கில் ஒட்டிக் கிடந்தன.

"என்ன சம்பந்தி, எங்க வீட்டுக் கோழிக்கு அம்மையையும் சேர்த்தா சீர் கொண்டாந்தீங்க?"

வாத்தியம் நின்றது. இசித்ரோ தரையைப் பார்த்தான். நபோர் காகிதப் பூவை மறுபடி அதன் தலைமேல் இழுத்துவிட்டார். அந்தச் சேவலை அப்போதே திருப்பி அனுப்பிவிட்டு, என் மருமகனை வீட்டுக்கு ஓடவிட்டு என் சேவலைக் கொண்டுவரச் செய்தேன். அத்தை அதன் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மெஸ்கலை ஊற்றினாள். நபோர் தூக்கி ஆடினார். நன்றாகவே ஆடினார், பாவி.

தாமதமாக வந்த பாதிரியார் அவர் தோளில் தட்டி, "எப்படிய்யா இப்படி ஒரு சேவலை வளர்த்தே?" என்றார்.

நபோர் தொப்பியைத் தூக்கி, "எல்லாம் கவனிப்புதான் சாமி" என்றார்.

நான் எழுந்துவிட்டேன். இசித்ரோ என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"அப்பா, உட்காருங்க. என் கல்யாணம்."

உட்கார்ந்தேன்.