ஸ்பேனரின் கை

ஸ்பேனர் போன மாதம் இறந்துபோனாள். பள்ளிக்கூடத்தில் நாங்கள் வைத்த பெயர் அது, கடைசிவரை ஒட்டிக்கொண்டது. கணக்கு டீச்சரின் கார் கிளம்பவில்லை என்றால் வகுப்பிலிருந்து நழுவிவிடுவாள். சீருடை முழுக்கக் கிரீஸோடு திரும்பி வந்து, "வெறும் ஸ்பார்க் பிளக்குதான்டி! இதுக்குப் போய் மெக்கானிக்கைத் தேடுறாங்க" என்பாள். வீட்டில் செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொள்வாள்.

பிறகு சொந்தமாகப் பட்டறை வைத்தாள். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்தி, கண்ணை மூடிச் சத்தத்தைக் கேட்பாள். வாசலில் உதிரிபாகம் விற்ற அவள் வீட்டுக்காரர், "என் பேச்சை ஒரு நாளாவது இப்படிக் கேட்டிருப்பியா?" என்பார். "உங்ககிட்ட சத்தம் மட்டுந்தானே வருது, வண்டி ஓடலையே" என்பாள்.

நான் நோயாளிகளைப் பராமரிக்கப் பயிற்சி பெற்றவள். யாரைப் பார்த்தாலும் நடை, விரல், கண் எல்லாம் தானாகவே பார்வையில் படும். ஒரு நாள் பட்டறையில் டீ டம்ளரை அவள் இரண்டு கையாலும் பிடித்ததைப் பார்த்தேன்.

"கை ஏன்டி நடுங்குது?"

"குளிருது."

"இந்த வெயில்லயா? டாக்டர்கிட்ட வா."

"உன் பேஷண்டுங்களைப் போய்ப் பாரு. எனக்கு வேலை கிடக்கு."

அடுத்த வாரம், அவள் பிரேக் பார்த்து அனுப்பிய டாக்ஸியின் முன்சக்கரம் ஓடும்போதே கழன்றுவிட்டது. வண்டி ஒரு மதில் சுவரில் உரசி நின்றது. யாருக்கும் அடியில்லை. சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது நட்டுகளை அவள் சரியாக முடுக்கவில்லை. டிரைவர் பட்டறைக்கு வந்தபோது அவள் வாய் திறப்பதற்குள் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "போல்ட்டெல்லாம் பழசு தம்பி, மரை தேஞ்சிருந்துச்சு. நீங்க முன்னாடியே மாத்தியிருக்கணும்" என்றார். டிரைவர் அதை நம்பினார். "தப்பு என்னோடதுதான், அக்கா பேரைக் கெடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலையே என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அவன் என்கிட்ட மன்னிப்புக் கேட்டான்டி. நான் மரம் மாதிரி நின்னேன்."

"போய்ச் சொல்லிடு."

"சொன்னா பட்டறையை மூட வேண்டியதுதான்னு அவர் சொல்றார்."

"அவர் சொல்றது இருக்கட்டும். நீ என்ன சொல்றே?"

முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "நீயும் கூட வா" என்றாள்.

டாக்ஸி ஸ்டாண்டில் அந்த டிரைவரோடு ஐந்தாறு பேர் இருந்தார்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று நான் அவள் கையைப் பிடித்தேன். உதறிவிட்டு எல்லார் முன்னாலும் சொன்னாள். "போல்ட் நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. நான்தான் சரியா முடுக்கலை."

டிரைவரின் முகம் மாறியது. "சக்கரம் கழர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் என் பொண்ணை டியூஷன்ல எறக்கிவிட்டுட்டு வந்தேன்" என்றார்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "அவளுக்கு உடம்பு சரியில்லைங்க, கை..." என்று ஆரம்பித்தேன்.

"நீ சும்மா இரு" என்றாள் ஸ்பேனர். "நோய் மேல பழியைப் போடாத. கை நடுங்குதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கை வெச்சேன்."

"போயிடுங்கக்கா" என்றார் டிரைவர். "நான் ஏதாவது சொல்லிடப் போறேன்."

வந்துவிட்டோம். அந்த டிரைவர் மறுபடி பட்டறைப் பக்கம் வரவே இல்லை. வந்திருக்க வேண்டும் என்று நானும் சொல்ல மாட்டேன்.

அதன்பிறகு என்னோடு டாக்டரிடம் வந்தாள். நான் நினைத்ததையே அவரும் சொன்னார், நடுக்குவாதம். பட்டறையை அவள் மூடவில்லை. எஞ்சின் வேலை மட்டும் பார்த்தாள். அதற்குப் பிறகு யார் வந்தாலும், பானெட்டைத் திறக்கும் முன்பே, "எனக்குக் கை நடுங்கும். சக்கரம், பிரேக் வேலைன்னா வேற எடம் பாருங்க" என்று சொல்லிவிடுவாள். பலர் அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். சொல்லிச் சொல்லிப் பழகிவிடும் என்று நினைத்தேன். பழகவில்லை. கடைசிவரை ஒவ்வொரு முறையும் தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.