மாவுப் பைப் போர்வை

கோதுமை மாவு வந்த துணிப்பையை, மேலிருக்கும் அச்சு எழுத்துப் போகச் சோடா உப்புப் போட்டு வேகவைத்தால் வீடு முழுக்கப் புளித்த கஞ்சி வாடை சுற்றும். அந்த வாடை இன்றைக்கு நினைவுக்கு வந்தாலும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஐம்பதுகளின் கடைசியில், ஆவூரிலிருந்து புதுக்கோட்டைக்கு ஹாஸ்டலில் தங்கிப் படிக்கப் போகவிருந்த எனக்குச் சொந்தமாக ஒரு போர்வை வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் போர்வை என்றால் பழந்துணிகளை அடுக்கித் தைக்கும் "ஒட்டுப் போர்வை"தான். அத்தனை பிள்ளைகள் நடுவில் என்னுடையது தனியாகத் தெரிய வேண்டும் என்று மனக்கோட்டை கட்டியிருந்தேன்.

நான் கேட்ட நிறமெல்லாம் அம்மாவிடம் தள்ளுபடியாயிற்று. மாதாவுக்கு நேர்ந்து உடுத்திய நீலச் சேலை காலில் படக்கூடாதாம். அக்கா ஆளானபோது உடுத்திய மஞ்சள் தாவணி வழக்கப்படி வண்ணாத்திக்குப் போய்விட்டதாம். இலுப்பூர்த் தையல்காரரிடம் கெஞ்சி வாங்கிவந்த பூப்போட்ட வெட்டுத்துண்டுகளையும் விரல் நுனியால் ஒதுக்கினாள்.

"சவப்பெட்டிக்கு உள்துணி தைக்கிறதும் அந்தக் கடைதான். யாரு வீட்டுத் துணியோ, எதுல மிஞ்சினதோ. ஒனக்கு ஆகாது, அங்கிட்டு வையி."

"எல்லாத்துக்கும் ஒண்ணு சொன்னா நான் எதத்தான் போத்துறது?"

மிஞ்சியவை மாதா கோயிலில் ஏழைகளுக்கென்று கொடுத்த அமெரிக்க மாவுப் பையும், அண்ணனின் காக்கி நிஜாரும், அப்பாவின் நைந்த வேட்டியும். அழுது தீர்த்துவிட்டு, அவற்றைச் சேர்த்துத் தைத்ததைத்தான் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

எல்லா ஊர்க் கோயிலிலும் அதே மாவைத்தான் கொடுத்திருந்தார்கள் போலும். ஹாஸ்டலில் பாதிப் போர்வைகள் மாவுப் பைதான். துவைத்து ஒரே கொடியில் போட்டால் எது யாருடையது என்று எங்களுக்கே தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்த அம்மாதான் என் போர்வையைத் தடவிப் பார்த்து, "இது என் தையல் இல்லையே" என்றாள். விசாரித்தால், என்னுடையதைக் காய்ச்சலோடு ஊருக்குப் போன ஒரு பெண் கொண்டுபோயிருக்கிறாள். ஹாஸ்டல் சிஸ்டரிடம் சொல்லி வாங்கிக் கொடு என்று அடம்பிடித்தேன்.

"காய்ச்சல்ல கெடக்குற புள்ள மேலேருந்து உருவச் சொல்றியா? இதயும் ஒரு ஆத்தா பாத்துத்தான் தச்சிருப்பா. போத்திக்க."

ஒரு துண்டுத் துணிக்கு அத்தனை நியாயம் பேசியவள், முன்பின் தெரியாத வீட்டுப் போர்வையை மடித்து என் கையில் வைத்துவிட்டுப் போனாள். கோபத்தில் அன்றிரவு நான் அதைப் போர்த்தவே இல்லை. அந்தப் பெண்ணும் பிறகு படிக்கத் திரும்பவில்லை.

இப்போது மாவுப் பைகள் இல்லை. போர்வையைக் கடையில் நிறம் பார்த்து வாங்குகிறோம், யாரும் எதையும் ஆகாது என்பதில்லை. அம்மாவும் போய்விட்டாள். அவள் எனக்கென்று தைத்தது அந்த ஒன்றுதான். அது எந்த ஊரில், யார் மேல் கிடந்து கிழிந்ததோ.