அம்மா எதிரே வராத வீடுகள்

"நீ இப்ப எங்கை இருக்கிறாய்?" என்று யாராவது கேட்டால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். கொக்குவில் என்றால், "அப்ப கொழும்பு வேலையை விட்டிட்டியோ?" என்பார்கள். கொழும்பு என்றால், "அப்ப கொம்மா தனியவோ?" என்பார்கள். இரண்டுக்கும் என்னிடம் ஒழுங்கான பதில் இருந்ததில்லை. வேலை கொழும்பில், ஒரு காப்புறுதிக் கம்பனியின் கணக்குப் பகுதியில். வீடு கொக்குவிலில், ரயில் பாதைக்குப் பக்கத்தில். கிழமை நாட்களில் வெள்ளவத்தையில், வேறு பெண்களோடு சேர்ந்து ஓர் அறை. வெள்ளிக்கிழமை பஸ் ஏறி வருவேன். ஞாயிறு பின்னேரம் திரும்புவேன். நான் ஒரே பிள்ளை, கல்யாணமும் முடிக்கவில்லை. அப்பா சண்டைக்காலத்தில் போய்விட்டார். அம்மாவுக்கு நான், எனக்கு அம்மா. அவ்வளவுதான் எங்கள் குடும்பம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பையைத் தூக்கியவுடன் அம்மா குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திவிடுவார். பக்கத்து வீட்டு அக்கா ஒரு குடம் தண்ணீரோடு வாசல் படலையைத் திறந்துகொண்டு எனக்கு எதிரே வருவார். அதுதான் முழுவியளம். பயணம் வெளிக்கிடுகிற ஆளுக்கு முதலில் எதிர்ப்படுகிற முகம் நல்ல முகமாக இருக்கவேண்டும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. புருசனோடு வாழ்கிற பெண் நிறைகுடத்தோடு வந்தால் நல்லதாம். புருசனை இழந்தவள் எதிரே வரக்கூடாதாம். இதை ஒருவரும் அம்மாவுக்குச் சொல்லவில்லை. அவராகவே ஒளித்துக்கொள்வார். நான் குசினிக் கதவைப் பார்த்து, "அம்மா, போட்டு வாறன்" என்று விடைபெறுவேன். உள்ளேயிருந்து "ஓம்" என்று மட்டும் வரும். இரண்டு நாளும் நண்டும் ஒடியல் கூழுமாய்த் தின்னத் தந்து, தலைக்கு எண்ணெய் வைத்து, ஊர்க்கதை எல்லாம் கதைத்த மனுசி, நான் போகிற நேரம் மட்டும் காணாமற் போய்விடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் சின்ன வயதிலிருந்தே பழகிய கதவு, தள்ளித் திறக்க ஒருநாளும் கை வரவில்லை.

அம்மாவுக்கு நெஞ்சு வருத்தம் என்று டொக்டர் சொன்ன பிறகு ஊரே எனக்குப் புத்தி சொல்லத் தொடங்கியது. வேலையை விடு என்றார்கள். விட்டால் மருந்துச் செலவை அவர்களா பார்ப்பார்கள்? யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் கேள் என்றார்கள். கேட்டேன், இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில், "கொம்மாவை வெள்ளவத்தைக்குக் கூட்டிக்கொண்டு போ பிள்ளை. அங்கை முழுக்க எங்கடை சனம்தானே. கோயில் இருக்கு, முருக்கங்காயும் இருக்கு" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. முருக்கங்காய்க்காக வீடு மாறுவதா என்று சிரிப்பு வந்தது. ஆனாலும் யோசித்துப் பார்த்தேன், அதுதான் சரியாகப் பட்டது. அம்மாவும் மறுக்கவில்லை. "உன்னோடை இருக்கிறதெண்டால் எனக்கென்ன, எங்கையும் இருப்பன்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக நான் கொழும்பு வெயிலில் வீடு வீடாய் ஏறி இறங்கினேன்.

கிடைத்தது மூன்றாம் மாடியில் ஒரு சின்ன வீடு. ஹோலும் குசினியும் ஒன்றாய், நடுவில் சுவர் இல்லை. ஒரு படுக்கையறை, வாசலில் இருந்து பார்த்தால் கட்டில் தெரியும். கடல் காற்று வருகிறது, லிப்ட் இருக்கிறது, பஸ் தரிப்பு கீழேயே இருக்கிறது என்று நான் பூரித்துப்போனேன். இனி ஒவ்வொரு நாளும் அம்மாவின் கையால் தேத்தண்ணி குடித்துவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போகலாம் என்று ஆசைப்பட்டேன். உண்மையில் எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

முதல் நாள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு பார்க்கிறேன், அம்மாவைக் காணவில்லை. பாத்ரூம் கதவு பூட்டியிருந்தது. வயது போன மனுசிக்கு அவசரம் என்று நினைத்துக்கொண்டு, "அம்மா, போட்டு வாறன்" என்றேன். உள்ளேயிருந்து "ஓம்" வந்தது. அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். வயிற்றில் ஏதும் கோளாறோ என்று பயந்து மருந்துகூட வாங்கிக்கொடுத்தேன். மறுக்காமல் குடித்தார், பாவி மனுசி.

முன் வீட்டில் ஒரு இளம் பெண் இருந்தாள், நெல்லியடிப் பக்கம். காலையில் நான் கதவைத் திறக்கும்போதெல்லாம் அவள் ஒரு தண்ணீர்ப் போத்தலோடு எதிரே வந்து சிரிப்பாள். இவளுக்கு வேறு வேலை இல்லையா என்று நினைப்பேன். ஒருநாள் நான் பிந்திவிட்டேன். அவள் கதவடியில் காத்துக்கொண்டு நின்றாள். "என்ன அக்கா, இண்டைக்கு இவ்வளவு லேற்? எனக்கு அடுப்பிலை பால் இருக்கு" என்றாள். நான் விளங்காமல் பார்த்தேன். "அன்ரிதான் கேட்டவ, நீங்கள் வெளிக்கிடேக்கை தண்ணியோடை எதிரை வரச்சொல்லி. குடம் இல்லை, போத்தல் பறவாயில்லையோ எண்டு கேட்டன். பறவாயில்லையாம்" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். லிப்டுக்குள் போன பிறகு அழுகை வந்துவிட்டது.

அன்று பின்னேரம் வந்ததும் வராததுமாய்க் கத்தினேன். "என்னம்மா உது விசர் வேலை? இந்தக் காலத்திலை ஆராவது பாத்ரூமுக்குள்ளை போய் ஒளிப்பினமோ? நான் என்ரை அம்மாவின்ரை முகத்தைப் பாத்துப்போட்டுப் போகக்கூடாதோ?"

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"கொப்பர் என்ரை முகத்தைப் பாத்துப்போட்டுத்தான் போனவர்" என்றார்.

அப்பா சாமான் வாங்கச் சங்கக்கடைக்குச் சைக்கிளில் போன வழியில் ஷெல் விழுந்து செத்தவர். அது எனக்குத் தெரியும். அன்று காலை அம்மா கிணற்றில் குடத்தை நிரப்பிக்கொண்டு, வேண்டுமென்றே அவருக்கு எதிரே நடந்து வந்தார் என்பது அம்மா சொல்லும்வரை தெரியாது. நல்ல முழுவியளமாக இருக்கட்டும் என்றுதான் வந்தாராம். இத்தனை வருசமும் அம்மா ஒளித்தது ஊருக்குப் பயந்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் தன் முகத்துக்குத்தான் பயந்திருக்கிறார். ஷெல்லுக்கும் உங்கள் முகத்துக்கும் என்னம்மா தொடர்பு என்று கேட்டேன். நியாயம் கதைத்து ஆகிற விஷயமா அது? வெங்காயத்தை உரித்து முடித்துவிட்டு அம்மா சொன்னார்:

"என்னை வீட்டிலை கொண்டுபோய் விடு பிள்ளை. அங்கையெண்டால் நீ படலை தாண்டேக்கை குசினி யன்னலாலை உன்ரை முதுகைப் பாப்பன். இஞ்சை பாத்ரூமுக்குள்ளை நிண்டால் எனக்கு உன்ரை செருப்புச் சத்தம் மட்டும்தான்."

கொண்டுபோய் விட்டேன். மாடி வீட்டைக் கைவிட்டு மறுபடி அந்தப் பழைய அறைக்கே போனேன். என்னை விசரி என்று சொல்லாத ஆள் இல்லை. நானும் கிழமை முழுக்க ஃபோனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுத்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் முன்னைப்போல எரிச்சல் வரவில்லை. முற்றத்தில் மெதுவாக நடந்தேன். படலைக் கொளுக்கியைப் போடத் தெரியாதவள் மாதிரி அதோடு மினக்கெட்டேன். திரும்பிப் பார்த்தால் அம்மா யன்னலை விட்டு விலகிவிடுவார் என்று திரும்பவில்லை.

ஒரு புதன்கிழமை காலை நான் வேலையில் இருக்கும்போது பக்கத்து வீட்டு அக்கா ஃபோன் எடுத்தார். அம்மா படுத்தபடியே போய்விட்டாராம். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் என்ன நினைத்தேன் என்று இப்போது ஞாபகமில்லை.

செத்தவீட்டில் நான் அம்மாவின் தலைமாட்டை விட்டு நகரவில்லை. நெற்றியைத் தடவித் தடவி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கக்கூடாது என்று சொல்ல அவர் இல்லை. பிறகு ஆண்கள் வந்து தூக்கினார்கள். எங்கள் பக்கம் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை, படலையோடு நிற்கவேண்டும். பக்கத்து வீட்டு அக்கா என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பறைச் சத்தம் ஒழுங்கையில் திரும்பியபோது நான் அவர் கையை உதறிவிட்டுக் கத்தினேனாம்.

"அம்மா, 'போட்டு வாறன்' எண்டு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போங்கோவன்."