கறிக்கடையில் நான் கேட்ட ஒத்திகை

புதன்கிழமை மதுரையில் என் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன். வயிற்றில் சிறு துளைகள் போட்டுக் கணையத்துக் கட்டியை எடுப்பார்களாம். அதை ஒட்டியிருக்கும் மண்ணீரலைக் காப்பாற்றப் பார்ப்போம் என்றார் டாக்டர்.

ஆட்டு மண்ணீரல்தானே நமக்குச் சுவரொட்டி. இன்று காலை காரைக்குடியில் பழகின கறிக்கடையில் போய் நின்றேன்.

"பாய், அந்தச் சுவரொட்டியைக் கிழிக்காம எடுத்துக் காட்டுங்க பாப்போம்."

பாய் பார்த்துப் பார்த்துத்தான் எடுத்தார். ஓரத்தில் கிழிந்துவிட்டது. ஆபரேஷன் விஷயத்தைச் சொன்னேன்.

"அக்கா, நான் கூறு போடுறவன். அவுக காப்பாத்துறவுக. என் கத்தியை வச்சு அவுகளை எடை போடாதீக."

மதியம் வறுத்துக் கொடுத்தேன். "ஏன்டி கிழிஞ்சு கெடக்கு?" என்றார் வீட்டுக்காரர்.

"பாயும் உங்களை மாதிரி அவசரக்காரர்."

அவர் தட்டை வழித்தார். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

புதன்கிழமை வரை முகநூலில் யாரும் கறிக்குழம்புப் போட்டோ போடாதீர்கள். தைரியம் இருந்தால் கிழியாத சுவரொட்டி அரைக் கிலோ அனுப்பி வையுங்கள்.