எடை மேடைப் பூனை

காலை வெயிலில் இரும்பு சூடேறும் வரை அந்தப் பூனை எடை மேடையின் நடுவில்தான் படுத்திருக்கும். சுண்ணாம்புக்கல் தூசியில் அதன் நிறமே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. மழை பெய்த மறுநாள்தான் அது செவலை என்று தெரியும். லாரி வந்தால் சோம்பல் முறித்து ஓரமாகப் போகும். "பூனையையும் சேத்து எடை போட்டுட்டியா தம்பி?" என்று டிரைவர்கள் கேலி செய்வார்கள். அரியலூரிலிருந்து ரெட்டிபாளையம் போகும் சாலையில் இருந்தது அந்த எடை மேடை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பன்னிரண்டாவது முடித்த கையோடு அங்கே சீட்டு எழுதச் சேர்ந்திருந்தேன். என் மதியச் சோற்றில் பூனைக்கும் பங்குண்டு. எதிரே டீக்கடை வைத்திருந்த அக்கா கொட்டாங்குச்சியில் பால் ஊற்றுவார். அறைக்குள் கூப்பிட்டால் மட்டும் வராது; மழையென்றாலும் வெளியே கிடந்த பழைய டயருக்குள்தான் சுருண்டுகொள்ளும்.

பாடாலூர்க்கார டிரைவர் ஒருவருக்கு அதைக் கண்டாலே ஆகாது. முன்பொரு நாள் பூனை குறுக்கே போனதைப் பார்த்தும் வண்டியை எடுத்து, அன்றே லாரி கவிழ்ந்து, கிளீனருக்குக் கால் முறிந்ததாம். அதிலிருந்து, பூனை குறுக்கே போனால் இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். பின்னால் வண்டிகள் தேங்கி ஹாரன் அடிக்கும். ஒருநாள் பொறுமை இழந்த முதலாளி என் கையில் சாக்கைக் கொடுத்து, "சாயங்காலத்துக்குள்ள புடிச்சு எங்கயாச்சும் தொலைவுல விட்டுட்டு வா" என்றார்.

சகுனமெல்லாம் பொய் என்று படித்ததை டிரைவரிடம் சொல்லிப் பார்க்கலாமா என்று சாக்கோடு நின்றுகொண்டிருந்தேன். அக்கா டீயை ஆற்றியபடியே அவரிடம் கேட்டார்:

"ஏண்ணே, ஒங்க வூட்டுல பூனை இருக்குல்ல? அது குறுக்க போனா வேலைக்கு வராம படுத்துக்குவீங்களோ?"

"வூட்டுப் பூனைக்கு ஏதும்மா சகுனம்? அது பாட்டுக்குப் போவும் வரும்."

"அப்ப இதுக்கும் ஒரு வாய் போட்டு வூட்டுப் பூனையாக்கிக்கங்க. அந்தத் தம்பி அழுவற மாதிரி நிக்குது பாருங்க."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பன்னில் ஒரு துண்டைப் பிய்த்து, டீயில் நனைத்துக் கீழே போட்டார். தின்றுவிட்டுப் பூனை அவர் காலில் முதுகை உரசியது. "ச்சீ, போ" என்றாரே தவிர, காலை இழுத்துக்கொள்ளவில்லை.

அன்று பிற்பகல் அவர் பாரத்தோடு வந்தபோது பூனை குறுக்கே போனது. லாரி நின்றது. முதலாளி வாசலுக்கே வந்துவிட்டார். டிரைவர் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நம்ம கழுதைதான்" என்று முனகியபடி வண்டியை மேடையில் ஏற்றினார். நான் சாக்கைக் கொண்டுபோய் டயருக்குள் விரித்தேன்.

இப்போது பெரம்பலூரில் எனக்கு ஆபீஸ் வேலை. பயத்தை வாதாடித்தான் விரட்ட வேண்டும் என்று அன்று நினைத்திருந்தேன். அவர் பயம் கடைசி வரை போகவில்லை; அதற்குள்ளேயே பூனைக்கும் ஓர் இடம் கிடைத்தது, அவ்வளவுதான்.

நான் எடை மேடையில் இருந்தபோதே சில மாதங்கள் அவர் சென்னைப் பக்கம் வண்டி ஓட்டப் போய்விட்டார். திரும்பி வந்த முதல் நாள் பூனை குறுக்கே போனதும் இன்ஜினை அணைத்தார். நான் டயருக்குள் கிடந்த சாக்கைத் திரும்பிப் பார்த்தேன். அவரோ இறங்கி நேராக டீக்கடைக்குப் போய், ஒரு பன் வாங்கி வந்து, பூனையின் முன்னால் குந்தினார்.

"ரொம்ப நாளாச்சுல்ல தம்பி, ஒறவு விட்டுப்போயிருக்கும்" என்றார்.

பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். பூனை கடைசித் துணுக்கை நக்கி முடிக்கும் வரை அவர் எழுந்திருக்கவில்லை.