மூளை கொடுத்த சம்மதம்

மருத்துவமனையில் எல்லோரும் அவளைப் பதிவு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடமாக வாசல் கவுண்டரில் உட்கார்ந்து நோயாளிகளின் பெயரைக் கணினியில் ஏற்றுகிறாள். மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நிற்பவரை ஒரு நிமிடத்துக்குள் டாக்டரிடம் அனுப்பிவிடுவாள். இதற்காக யாரும் அவளுக்கு மாலை போட்டதில்லை. அவளும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றதில்லை.

புது மென்பொருள் ஒன்று வரப்போவதாகச் சொன்னார்கள். அதில் வயதைக் குறிப்பதற்குள் நாலு பக்கம் திறந்து மூட வேண்டும். இது வந்தால் வரிசை வாசலைத் தாண்டிவிடும் என்று கவுண்டர் பெண்கள் ஆறு பேரும் பயந்தார்கள். சோதித்துப் பார்க்க ஒருத்தியை அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தபோது, எப்படியாவது தடுத்துவிட்டு வாருங்கள் என்று அக்காவை அனுப்பினார்கள்.

மென்பொருள் செய்த கம்பெனியின் மேலாளர் அவளிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஜனங்களுக்குத் தங்கள் மனசே தெரியாதாம், மூளையைத்தான் கேட்க வேண்டுமாம். முப்பது வயதுக்குள் இவ்வளவு பெரிய ஞானம் எங்கிருந்துதான் வருமோ. மூளையின் மின்சாரத்தை அளக்கும் கம்பி வைத்த தொப்பியை அக்காவின் தலையில் மாட்டி, கூந்தலுக்குள் பசையைப் பிதுக்கி, அசையாமல், பேசாமல் வேலை செய்யச் சொன்னார்கள்.

சோதனைக்குக் கொடுத்த பத்து நோயாளிகளில் முதல் ஆளை ஏற்றவே ஏழு நிமிடம் ஆனது. மூன்றாவது ஆளின் விவரத்தை விழுங்கிவிட்டு, திரை மறுபடி முதலிலிருந்து கேட்டது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறக்கக் கூடாதே. பல்லைக் கடித்துக்கொண்டு பத்து நோயாளிகளையும் ஏற்றி முடித்தாள்.

மேலாளர் தொப்பி காட்டிய வரைபடத்தைப் பார்த்துப் பூரித்துப்போனார். உற்சாகம் எண்பத்தெட்டு சதவீதமாம். அக்காவுக்குத் தொப்பியை மாட்டிவிட்ட கம்பெனிப் பெண், பல்லைக் கடித்தால் தாடைத் தசையின் மின்சாரமும் இதில் ஏறிவிடும், அதை உற்சாகம் என்று காட்டிவிடும் என்று முணுமுணுத்தாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"எனக்கு இது சுத்தமா பிடிக்கலைங்க. இதை வெச்சா வாசல்லயே ஆளுங்க விழுந்துடுவாங்க" என்றாள் அக்கா.

"அது உங்க வாய் சொல்றதும்மா. மூளை வேற சொல்லுதே" என்று சிரித்துவிட்டு, அவர் அறிக்கையில் எண்ணை மட்டும் எழுதினார்.

திங்கட்கிழமை மென்பொருள் கவுண்டரில் ஏறிவிட்டது. பத்து மணிக்கெல்லாம் வரிசை சாலைக்குப் போய்விட்டது. நெஞ்சைப் பிடித்தபடி நின்ற பெரியவர் ஒருவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பக்கத்து இருக்கைக்காரி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"பிடிக்கலைன்னு வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா?"

"சொன்னேன்டி. அதைக் கேக்கத்தான் அவங்ககிட்ட மெஷின் இல்ல."

அக்கா எழுந்துபோய், பெயரை ஏற்றாமலே அந்தப் பெரியவரைக் கைத்தாங்கலாக டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.