கூரைக்கு ஞானத்தாய்

எவுலாலியா கொண்டோரி ஹூலியாக்கா என்ற மலையூரின் சந்தையில் ஐம்பது வருடமாகப் பனியில் காய்ந்த உருளைக்கிழங்கு விற்கிறவள். எழுபத்தொன்பதாவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் குடல் முறுக்கிக்கொண்டது. உடனே வயிற்றைத் திறக்க வேண்டும் என்றார்கள். இந்த வயதில் உறுதி சொல்வதற்கில்லை என்றும் சொன்னார்கள்.

சந்தைக்காரிக்கு உறுதி வாங்கத் தெரியும். தள்ளுவண்டியில் படுத்தபடியே அறுவை மருத்துவர் மாரிலுஸின் கையைப் பிடித்தாள்.

“கடைக்குப் புதுசா தகரக் கூரை போடப் போறேன். அதுக்கு நீங்கதான் ஞானத்தாய். சரின்னு சொல்லுங்க.”

அந்த ஊரில் கல்யாணக் கேக்குக்கும் ஞானத்தாய் உண்டு, லாரிக்கும் உண்டு. கேட்டால் மறுக்கக்கூடாது; விழாவுக்குப் பீர் வாங்கித் தருவதும் ஞானத்தாய் பொறுப்பு. மாரிலுஸ் சரி என்றாள். அந்தக் கணமே இருவரும் ஒருவருக்கொருவர் கொமாத்ரே ஆனார்கள்; சம்பந்தி போல மரியாதை பார்க்கிற உறவு அது. கொமாத்ரே சாகவிட மாட்டாள்.

விடவில்லை. தொல்லை பிறகுதான் வந்தது.

“காத்து பிரிஞ்சுதா, கொமாத்ரே?” தினமும் காலையில் மாரிலுஸ் கேட்டாள். குடல் வேலை செய்வதற்கு அதுதான் அடையாளம்.

கொமாத்ரே முன்னால் தும்மினாலே மன்னிப்புக் கேட்க வேண்டும். இதைப் பேசுவதா?

“சேச்சே, இல்லவே இல்ல.”

ஐந்தாம் நாள் வயிறு உப்பியிருந்தது. மாரிலுஸ் கட்டிலில் உட்கார்ந்தாள். “இன்னிக்கும் இல்லன்னா மறுபடி திறந்து பாக்கணும். ரெண்டாவது தடவை தாங்குவீங்களான்னு எனக்கே பயமா இருக்கு.”

பக்கத்துக் கட்டில் ஹெர்மெலிந்தா போர்வைக்குள்ளிருந்து எட்டிப்பார்த்தாள். “சொல்லித் தொலைக்கா. மானத்தோட பொட்டிக்குள்ள போகப் போறியா?”

“நீ சும்மா கெட.”

எவுலாலியா விட்டத்தைப் பார்த்தாள். வீட்டு முற்றத்தில் கூரைத் தகரங்கள் வாங்கியபடியே கிடந்தன. தலையணையடியிலிருந்து தொப்பியை எடுத்து நேராக வைத்துக்கொண்டாள்.

“கொமாத்ரே, ஒரு நிமிஷம் அந்த உறவைக் கழட்டி வைங்க. வெறும் டாக்டரா இருங்க.”

“வெச்சாச்சு.”

“முந்தாநாள்லேருந்து போகுது. நீங்க வர்ற சத்தம் கேட்டா அடக்கிக்கிறேன். நீங்கதான் நாள் பூரா வந்துக்கிட்டே இருக்கீங்களே!”

மாரிலுஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு எழுந்து கதவுக்கு வெளியே போய் நின்றாள். “இப்ப அடக்காதீங்க!”

“டாக்டரம்மா, எனக்கும் வெளிய ஒரு கட்டில் போடுங்க!” என்று கத்தினாள் ஹெர்மெலிந்தா.

மத்தியானத்துக்குள் வயிறு தணிந்தது. மாரிலுஸ் அழுத்திப் பார்த்தாள். கத்தி வேண்டாம், சூப் கொடுங்கள் என்று எழுதினாள்.

எவுலாலியா தொப்பியை மறுபடி சரிசெய்தாள்.

“கூரை அடுத்த மாசம், கொமாத்ரே. பீர் உங்களோடது.”